86 மில்லியன் டொலர் படமும் நம் பிள்ளைகளின் சித்திரப் பாடமும்

இந்தக் கிழமை மட்டும் மூன்று வட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படம் வந்து விட்டது. செம்மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறப் பட்டைகள். கீழே ஒரு வரி: "இதுக்கா 86 மில்லியன் டொலர்? எண்ட மகள் நேர்சரியிலயே இத விட நல்லாக் கீறுவா." அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள். ஒரு குழுவில் ஒருவர், "வெள்ளைக்காரன்ட பைத்தியம், நம்மட புள்ளைகளுக்கும் சித்திரம் எண்டு ஒரு பாடம் வெச்சிரிக்காங்க" என்று முடித்திருந்தார்.

இந்தக் கடைசி வசனம்தான் என்னை எழுத வைத்தது. படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு நியூயோர்க்கில் ஒருவரையும் தொடாது. நம்முடைய வகுப்பறையில் இருக்கும் ஒரு பிள்ளையின் தலையில்தான் வந்து விழுகிறது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தப் படம். வரைந்தவர் மார்க் ரொத்கோ. 1961 இல் வரைந்தது. பெயரே "செம்மஞ்சள், சிவப்பு, மஞ்சள்" என்பதுதான். 2012 மே மாதம் நியூயோர்க்கில் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் அதை 86.9 மில்லியன் டொலருக்கு விற்றது. செய்தி பொய்யில்லை.

ஆனால் நாம் பார்த்தது போன் திரையில், இரண்டு விரல் அகலத்தில். உண்மையான படம் ஏழே முக்கால் அடி உயரம், கிட்டத்தட்ட ஏழடி அகலம். நம் வீட்டுக் கதவை விடப் பெரியது. ரொத்கோ நிறத்தைத் தண்ணீர் போல மெல்லியதாகக் கரைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடவை பூசுவார். கீழே இருக்கும் நிறம் மேலே இருக்கும் நிறத்தினூடாகத் தெரியும். பட்டைகளின் ஓரங்களைக் கத்தியால் வெட்டியது போல விடாமல் மங்க விடுவார். பக்கத்தில் நின்று பார்த்தால் பட்டைகள் மெல்ல அசைவது போல இருக்கும் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் போனில் பார்த்து விட்டுத் தீர்ப்புச் சொல்வது, பிரியாணியின் போட்டோவைப் பார்த்து உப்புக் குறைவு என்று சொல்வது மாதிரி.

"என் பிள்ளையும் கீறும்" என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2011 இல் அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரி உளவியலாளர்கள் இருவர், பெயர் பெற்ற அரூப ஓவியர்களின் படங்களையும் சிறு பிள்ளைகளும் குரங்கு, யானை போன்ற மிருகங்களும் தீட்டிய படங்களையும் சோடி சோடியாக மாணவர்களுக்குக் காட்டினார்கள். கண்ணை மூடிக் கொண்டு சொன்னால் பாதி சரியாக வரும். மாணவர்கள் அதை விடக் கூடுதலான தடவை ஓவியரின் படத்தையே தெரிவு செய்தார்கள். பெயரை மாற்றி ஒட்டிய இடத்திலும் அப்படியே. ஆனால் எல்லாரும் எப்போதும் சரியாகச் சொல்லவில்லை, நிறையத் தவறவும் விட்டார்கள். அதாவது வித்தியாசம் இருக்கிறது. 86 மில்லியன் டொலர் அளவுக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்கு வருவோம். எல்லாரும் இரண்டு விடயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். படம் நல்லதா என்பது ஒரு கேள்வி. விலை ஏன் இவ்வளவு என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்குக் கண் வேண்டும். இரண்டாவதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டும்.

ஆதாரம் கேட்பீர்கள். நோட்லர் என்று நியூயோர்க்கில் ஒரு கலைக்கூடம். 1846 இல் தொடங்கியது. 2011 இல் இழுத்து மூடினார்கள். காரணம், அதன் வழியாகப் பல வருடங்களாகக் கள்ள ஓவியங்கள் விற்கப்பட்டிருந்தன. ரொத்கோ, பொலொக் போன்றவர்களின் பெயரில் 60க்கும் மேற்பட்ட கள்ளப் படங்கள் இரண்டு கலைக்கூடங்கள் ஊடாக 80 மில்லியன் டொலருக்கு மேல் விலை போயின. வரைந்தவர் சீனாவிலிருந்து குடியேறி, நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஓர் ஓவியர். அவர் கையில் கிடைத்தது ஒரு படத்துக்குச் சில ஆயிரம் டொலர்கள். அந்தக் கள்ள ரொத்கோ ஒன்றை 8.3 மில்லியன் டொலருக்கு வாங்கியவர், பின்னாளில் சொதபிஸ் ஏல நிறுவனத்தின் தலைவராகவே வந்தவர். விடயம் தெரிந்தவர்தான். வருடக்கணக்காக வீட்டில் மாட்டி வைத்திருந்தார்.

இப்போது யோசியுங்கள். கள்ளம் என்று தெரிவதற்கு முதல் நாளும் அதே துணி, அதே நிறம், அதே சுவர். மறுநாளும் அதேதான். படத்தில் ஒரு புள்ளி கூட மாறவில்லை. 8.3 மில்லியன் மட்டும் ஆவியாகி விட்டது. அப்படியென்றால் அந்தப் பணம் எதற்குக் கொடுக்கப்பட்டது? நிறத்துக்கா? அழகுக்கா? பெயருக்குத்தான். பெயர் பதிந்த ஒரு சான்றிதழுக்கு. காணி உறுதி மாதிரி. உறுதி கள்ளம் என்றால் காணி அங்கேயே கிடந்தாலும் வாங்கியவன் கை வெறுங்கை.

"விளங்காத படம் என்பதால்தான் இப்படி ஏமாற்ற முடிகிறது" என்று ஒருவர் சொல்லக் கூடும். அதுவும் சரியில்லை. ஏலத்தில் உலகத்திலேயே அதிக விலைக்குப் போன ஓவியம் அரூப ஓவியமே இல்லை. லியனார்டோ டா வின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் "சல்வாட்டோர் முண்டி". கிறிஸ்தவர்கள் வரையும் ஈசா நபியின் முகம். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் படம். 1958 இல் லண்டனில் அது 45 பவுணுக்கு விலை போனது, ஏனென்றால் அப்போது அதை யாரோ பார்த்து வரைந்த பிரதி என்று நினைத்தார்கள். 2017 இல் அதே பலகை 450 மில்லியன் டொலர். இடையில் நடந்தது துப்புரவாக்கலும் திருத்த வேலையும், முக்கியமாகப் பெயர் மாற்றமும். அது உண்மையில் லியனார்டோவின் கைதானா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். வாங்கியவர் ஒரு சவூதி இளவரசர் என்று பத்திரிகைகள் எழுதின. ரொத்கோவின் "வெள்ளை மையம்" என்ற இன்னொரு படம் 2007 இல் 72.8 மில்லியனுக்குப் போன போது, வாங்கியது கட்டார் அரச குடும்பம் என்று எழுதினார்கள். ஆகவே "வெள்ளைக்காரன்ட பைத்தியம்" என்று சொல்வதற்கு முன்பு கொஞ்சம் நம் பக்கமும் திரும்பிப் பார்ப்போம்.

அதோடு, அது பைத்தியமும் இல்லை. இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. இவ்வளவு பணம் சேர்த்தவன் பைத்தியக்காரனாக இருக்க மாட்டான். அவன் கணக்குப் பார்த்துத்தான் வாங்குகிறான். அந்தக் கணக்கு இப்படி:

ஒன்று. செத்தவர் இனி வரைய மாட்டார். ரொத்கோ 1970 இல் இறந்தார். துணியில் அவர் வரைந்தவை 836 என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் பெரும் பங்கு அருங்காட்சியகங்களில். அவை சந்தைக்கு வருவது அபூர்வம். மிச்சம் இருப்பதற்குத்தான் போட்டி.

இரண்டு. ஏலத்தில் விலையை உயர்த்த உலகம் முழுக்க ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. பணமுள்ள இரண்டு பேர் போதும். நாம் எட்டு பில்லியன் பேர் சிரித்தாலும் விலை ஒரு சதம் இறங்காது.

மூன்று. ஏலத்துக்கு முன்னரே, "இந்த விலைக்குக் குறைந்தால் நான் எடுக்கிறேன்" என்று வெளியாள் ஒருவர் ஏல நிறுவனத்துக்கு உத்தரவாதம் கொடுப்பதுண்டு. விலை அதற்கு மேல் போனால் அவருக்கும் பங்கு. மண்டபத்தில் கை உயரும் போது பாதி நாடகம் ஏற்கெனவே எழுதி முடிந்திருக்கும்.

நான்கு. அமெரிக்காவில் படத்தை அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தால், வாங்கிய விலைக்கு அல்ல, பெரும்பாலும் அன்றைய சந்தை விலைக்கு வரிச் சலுகை கேட்கலாம். மலிவாக வாங்கி, விலை ஏறிய பின் கொடுத்தால் இலாபம். பேரும் புகழும் மேலதிகம்.

ஐந்து. ஜெனீவாவில், சிங்கப்பூரில், லக்சம்பேர்க்கில் வரி இல்லாத களஞ்சியங்கள் இருக்கின்றன. படத்தை அங்கே பெட்டியில் வைத்துப் பூட்டி விட்டு, பெட்டி அசையாமலே கை மாற்றலாம். பார்ப்பதற்காக வரைந்த படத்தை ஒருவருமே பார்ப்பதில்லை. தங்கக் கட்டி மாதிரி. தங்கத்தை விடப் பாரம் குறைவு.

ஏன் குறிப்பாக இந்த வகைப் படம்? பழைய பெரும் ஓவியர்களின் படைப்புகள் அநேகமாக அருங்காட்சியகங்களுக்குள் போய் முடிந்து விட்டன. 1945 க்குப் பிறகு பணம் குவிந்த ஊர் நியூயோர்க். அங்கே அப்போது வரைந்து கொண்டிருந்தவர்கள் இவர்கள். பெரிய படங்கள், பெரிய சுவருக்கு ஏற்றவை. அறையின் மறு கோடியிலிருந்து பார்த்தாலும் "இது ரொத்கோ, அது பொலொக்" என்று கம்பனி முத்திரை போல அடையாளம் தெரியும். எந்த மதத்தையும் எந்த நாட்டையும் நோகடிக்காது. வங்கியின் வாசலிலும் மாட்டலாம், மன்னரின் மாளிகையிலும் மாட்டலாம்.

இதற்குள் களவும் புகுந்தது. மலேசியாவின் 1எம்டிபி அரச நிதியிலிருந்து திருடப்பட்ட பணத்தில் என்ன வாங்கினார்கள் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் பட்டியல் போட்ட போது, 2013 இல் 48.8 மில்லியன் டொலருக்கு வாங்கிய பஸ்கியாவின் படமும் அதில் இருந்தது. மலேசிய மக்களின் காசு. 2020 இல் அமெரிக்க செனட் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கை, பொருளாதாரத் தடைக்கு ஆளான ரஷ்யச் செல்வந்தர்களோடு தொடர்புள்ள பேர்க் கம்பனிகள் தடைக்குப் பிறகும் 18 மில்லியன் டொலருக்கு மேல் ஓவியம் வாங்கியதைக் காட்டியது. உண்மையில் வாங்குவது யார் என்று ஏல நிறுவனங்கள் தோண்டிப் பார்க்கவில்லை.

நாம் இதில் எதைக் கேட்டோம்? ஒன்றையும் கேட்கவில்லை. "எண்ட மகளும் கீறுவா" என்று சொல்லி விட்டுப் போய் விட்டோம். கணக்கப்பிள்ளை தப்பி விட்டான். ஓவியன் மாட்டிக் கொண்டான்.

அந்த ஓவியனுக்கு என்ன கிடைத்தது? நான் சொன்ன "வெள்ளை மையம்" படத்தை 1960 இல் டேவிட் ரொக்பெல்லர் வாங்கியது 10,000 டொலருக்கும் குறைவாக. 2007 இல் அதை விற்றவரும் அவர்தான். 1973 இல் நியூயோர்க்கில் ரொபர்ட் ஸ்கல் என்ற சேகரிப்பாளர் தன்னிடமிருந்த படங்களை ஏலத்தில் விட்டார். 900 டொலருக்கு வாங்கிய ரோஷன்பேர்க்கின் படம் 85,000 டொலருக்குப் போனது. அங்கே நின்ற ரோஷன்பேர்க் ஏலம் முடிந்ததும் ஸ்கல்லைப் பிடித்துத் தள்ளினார். அவருக்கு அந்த விற்பனையில் ஒரு சதம் இல்லை. பிரான்சில் 1920 இலிருந்தே மறு விற்பனையில் ஓவியருக்குப் பங்கு கொடுக்கச் சட்டம் இருக்கிறது. பிரித்தானியாவில் 2006 இல் வந்தது. அமெரிக்காவில் முழு நாட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் இன்று வரை இல்லை.

ரொத்கோவின் கதை அதை விட மோசம். 1958 இல் நியூயோர்க்கில் பணக்காரர்கள் சாப்பிடும் ஓர் ஆடம்பர உணவகத்துக்குப் படங்கள் வரைய ஒப்புக்கொண்டார். பிறகு அந்த இடத்துக்குத் தன் படம் போகக் கூடாது என்று முடிவு செய்து, வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தார். 1970 இல் உயிரை மாய்த்துக் கொண்டார். ஆறு மாதத்தில் மனைவியும் இறந்தார். பிள்ளைகள் இரண்டு, மகனுக்கு வயது ஆறு. சொத்தைப் பாதுகாக்க வேண்டிய பொறுப்பாளர்கள் மூவரும் 798 படங்களை ஒரு பெரிய கலைக்கூடத்துக்கு அடிமாட்டு விலைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். மகள் வழக்குப் போட்டார். 1975 இல் நீதிமன்றம் பொறுப்பாளர்களை நீக்கி, 9 மில்லியன் டொலருக்கு மேல் செலுத்தத் தீர்ப்பளித்தது. எத்தீம்களின் சொத்தைத் தின்பது பற்றி நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இந்தக் கதையை யாராவது குழுவில் போட்டார்களா?

2024 நவம்பரில் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் ஒன்றை சொதபிஸ் 6.2 மில்லியன் டொலருக்கு விற்றது. எல்லாரும் வாழைப்பழத்தைப் பார்த்துச் சிரித்தோம். அந்தப் பழத்தை 35 சதத்துக்கு விற்றவர், ஏல மண்டபத்துக்கு வெளியே தெருவோரத்தில் பழக்கடையில் நிற்கும் பங்களாதேஷ் முதியவர். எழுபது தாண்டிய ஏழை. விலையைக் கேள்விப்பட்டு அழுதார் என்று பத்திரிகையில் வந்தது. வெட்கப்பட வேண்டிய இடம் அதுதான்.

சரி, விலையை விடுவோம். படம் விளங்கவில்லையே என்பவர்களுக்கு.

உயிருள்ளவற்றின் உருவம் வேண்டாம் என்று ஆயிரம் வருடங்களுக்கு மேலாகப் பேணி வரும் சமூகம் நாம். உருவமே இல்லாத படத்தைப் பார்த்து அதிகம் சிரிப்பதும் நாமே. பள்ளியின் மிஹ்ராபில் இருக்கும் நட்சத்திரக் கோலத்தைப் பார்த்து "இது எதன் படம்?" என்று யாராவது கேட்டதுண்டா? இஸ்பஹானில் 1453 இல் கட்டிய தர்ப்-இ இமாம் என்ற கட்டடத்தின் ஓட்டுக் கோலத்தை 2007 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ஆராய்ந்தார்கள். ஒழுங்காக இருந்தும் சரியாகத் திரும்பி வராத அந்த அமைப்பு, மேற்கில் கணித அறிஞர்கள் 1970களில் கண்டுபிடித்ததோடு கிட்டத்தட்ட ஒத்துப் போவதாக எழுதினார்கள். நம் கிழக்கில் பன்பாய் இழைக்கும் தாய்மாரைக் கேளுங்கள். சாயம் போட்ட பன்னை எடுத்து, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் கண்ணுக்கு இதம் என்று அளவுகோல் இல்லாமல் சொல்வார்கள். அது அரூபக் கலை இல்லாமல் வேறென்ன?

"அது அலங்காரம், இது வேறு" என்று படித்தவர்கள் சொல்வார்கள். வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். பாயில் படுக்கலாம், ரொத்கோவில் படுக்க முடியாது. பாயின் கோலம் ஊரார் சேர்ந்து வளர்த்தது. ரொத்கோவின் பட்டைகள் ஒரு மனிதனின் தனிமையிலிருந்து வந்தவை. ஆனால் "வெறும் அலங்காரம்" என்று தள்ளி விடுவதில் ஒரு பழைய திமிர் இருக்கிறது. பாகிஸ்தான் ஓவியர் அன்வர் ஜலால் ஷெம்சா 1950களில் லண்டனில் படிக்கும் போது, பெயர் பெற்ற பேராசிரியர் ஒருவர் விரிவுரையில் இஸ்லாமியக் கலையை வெறும் பயன்பாட்டுக் கலை என்று ஒதுக்கியதைக் கேட்டு உடைந்து போனார். பிறகு அரபு எழுத்தையும் கம்பளக் கோலத்தையும் எடுத்துத் தன் அரூப ஓவியங்களைக் கட்டினார். பரோடாவில் ஆசிரியையாக இருந்த நஸ்ரீன் முகமதி வெறும் கோடுகளை வைத்தே வரைந்தார். நம் நாட்டில் 1943 இல் கொழும்பில் உருவான 43 குழுவின் ஸ்தாபகர்களில் ஒருவரான ஜோர்ஜ் கிளாசன், யாரிடமும் படிக்காமல் தானாகக் கற்று அரூப ஓவியத்துக்கு வந்தவர். இவர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? மில்லியன் என்ற சொல் பக்கத்தில் இல்லாததால் குழுவில் வருவதில்லை.

மறு பக்கத்தாரையும் விட முடியாது. "உங்களுக்கெல்லாம் விளங்காது" என்று மூக்கை உயர்த்தும் கூட்டம். மூன்று நிறத்துக்குப் பக்கத்தில் மூன்று பந்தி எழுதி வைப்பார்கள், எழுதியவருக்கே இரண்டாவது தடவை வாசித்தால் விளங்காது. படம் பேசாத இடத்தில் சொல்லைக் கொட்டி, வந்தவனை வெட்கப்படுத்தி அனுப்புவது விற்பனைத் தந்திரம். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. பார்க்காமலே சொல்ல மட்டும் உரிமை இல்லை.

இனி நம் வகுப்பறை. சித்திரப் பாடவேளை என்றால் மற்றப் பாட ஆசிரியர்களின் கடன் வசூலிக்கும் நேரம். கணிதம் முடியவில்லை, விஞ்ஞானம் முடியவில்லை, "சித்திரத்தத் தாங்க சேர்". பரீட்சை நெருங்கினால் அந்தப் பாடவேளையே காணாமல் போகும். சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்த பிள்ளையைப் பார்த்து "வேற ஒண்டும் ஏலாதா?" என்று கேட்கிறோம். கையும் கண்ணும் உள்ள பிள்ளை அந்தக் கேள்வியோடு கொப்பியை மூடி வைக்கிறது. வீட்டுக்குப் போனால் வாப்பாவின் போனில் அந்த மூன்று நிறப் படமும் சிரிக்கும் முகங்களும். பிள்ளைக்கு விளங்கி விடுகிறது, இது கோமாளித் தொழில் என்று.

ஆனால் நாம் உடுக்கும் துணியின் கோலத்தை யாரோ கீறினார்கள். கடைப் பெயர்ப்பலகையை, கல்யாணக் கடிதத்தை, போனில் நாம் தட்டும் ஒவ்வொரு சின்னத்தையும், வீட்டுப் படத்தையும் யாரோ கீறினார்கள். நிறத்தையும் கோட்டையும் வெற்றிடத்தையும் எப்படி வைப்பது என்று கற்றவர்கள் அவர்கள். அந்தப் படிப்பின் பெயர் சித்திரம். நம் பிள்ளைகள் படிக்கா விட்டால் காசு கொடுத்து மற்றவர்களிடம் வாங்குவோம். வாங்கிக் கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே பெற்றாரிடமும் என் சக ஆசிரியர்களிடமும் கேட்பது இவ்வளவுதான்.

சித்திரப் பாடவேளையைப் பிடுங்காதீர்கள். உங்கள் பாடம் முடியாததற்கு அந்தப் பிள்ளை காரணமில்லை.

கொழும்புக்குச் சுற்றுலா கூட்டிப் போனால் மிருகக்காட்சிச்சாலையோடு நிறுத்தாதீர்கள். 2019 இல் நவீன கலைக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அனுமதி இலவசம், விளக்கம் தமிழிலும் உண்டு. பிள்ளைகள் படத்தின் முன்னால் நிற்கட்டும். பிடிக்கவில்லை என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அந்த "ஏன்"தான் பாடம்.

பன்பாய் வாங்கும் போது ஐம்பது ரூபாவுக்குப் பேரம் பேசாதீர்கள். 86 மில்லியனைக் கேட்டு வாயைப் பிளந்த நாம், கண் முன்னால் நாட்கணக்கில் குனிந்து இழைத்தவரிடம் விலையைக் குறைத்து விட்டுப் பெருமைப்படுகிறோம்.

அந்தப் படம் திரும்பவும் வரும், சந்தேகமில்லை. வந்தால் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். விற்றது யார்? காசு எங்கே போனது? கீறியவருக்கு என்ன கிடைத்தது? பதில் தெரிந்த பிறகு விரும்பினால் சிரியுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஏசாமல் எழுதினால் இன்ஷா அல்லாஹ் பதில் தருவேன்.